தாய்மாமன் பின்னிய சீர்

கிள்ளான்
19 ஆகஸ்ட் 2025

அக்கா அமுதவள்ளிக்கு,

தம்பி ஜெயராஜ் எழுதுவது. போனில் பேசினால் நீ என்னை வாயைத் திறக்கவே விடமாட்டாய். வாட்ஸப்பில் எழுதினால் அடுத்த நிமிஷம் குடும்பக் குரூப் முழுக்கப் படிக்கும். அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். தனம் தினமும் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலுக்குத்தானே வேலைக்கு வருகிறாள். அங்கிருந்து உன் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு எட்டி நடந்தால் போதும். இனிமேல் என் பெண்டாட்டிதான் நமக்குத் தபால்காரி.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினியை வழியனுப்பும் விருந்தில் நான் ஏன் இலையில் கை வைக்காமல் எழுந்து போனேன் என்று அத்தான் தனத்திடம் கேட்டாராம். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும்.

சீர்த்தட்டில் பழம், வெற்றிலை, பட்டுப்புடவை எல்லாம் இருந்தது. புடவைமேல் ஒரு கறுப்பு ஸ்கார்ஃப். கடைச் சீட்டுக் கோத்திருந்த பிளாஸ்டிக் இழை ஓரத்தில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. நீ மைக்கைப் பிடித்து, "பொண்ணு குளிர் ஊருக்குப் போகுதுன்னு தாய்மாமன் வாங்கிக் குடுத்தது" என்று சொன்னாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எதற்குக் கை தட்டுவது?

நான் வாங்கவில்லை அக்கா. பின்னினேன். போர்ட் கிள்ளான் துறைமுக வாசலில் லோரி வரிசை நகராமல் நிற்கும்போதெல்லாம் ஸ்டீயரிங்மேல் நூலைப் போட்டுக்கொண்டு மாசக்கணக்கில் பின்னினேன். பக்கத்து லோரிக்காரன்கள் கண்ணாடியைத் தட்டி, "என்ன பாஸ், மாசமா இருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். காது குத்தும்போது ஷாமினியை மடியில் வைத்திருந்தவன் நான். கப்பல் கட்டுகிற படிப்புக்காக அவள் கிளாஸ்கோ போகிறாள். அந்தக் கழுத்துக்குத் தாய்மாமன் கையால் செய்தது போகவேண்டும், அது சபைக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் விருந்துக்கு முன்பே உன் கையில் கொண்டுவந்து கொடுத்தேன்.

என் ஸ்கார்ஃப் எங்கே? அதை மட்டும் சொல். வேறு எதுவும் எழுதாதே.

ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
21 ஆகஸ்ட் 2025

தம்பி,

வேறு எதுவும் எழுதாதே என்று உத்தரவு போட நீ என்ன என் மாமியாரா? எழுதத்தான் செய்வேன்.

ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்து, மண்டபம் பிடித்து, அத்தனை பேரையும் கூப்பிட்டு நான் வைத்த விருந்து அது. பெண்ணுக்குத் தாய்மாமன் பந்தியில் முதல் இலையில் உட்காருகிறான். சாம்பார் ஊற்றுகிறார்கள். இவன் இலையை மூடக்கூட இல்லை, விருட்டென்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போகிறான். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

உன் அத்தான் தனத்திடம் கேட்டதோடு விட்டுவிட்டார். அவருடைய அக்கா புனிதவதி மச்சாள்தான் நேரே என்னிடம் வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ரிட்டயர் ஆனவர் இல்லையா, நோயாளியை விசாரிக்கிற மாதிரியே கேட்டார். "உம்மட தம்பிக்கு என்ன, வயித்துக்குத்தோ?" என்றார். ஆமாம் மச்சாள், காலையிலிருந்தே வயிற்றுவலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதனால் உனக்கு அன்றைக்கு வயிற்றுவலி. யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லித் தொலைக்காதே.

நூலும் ஊசியும் நீ எடுத்த நாளிலிருந்தே உனக்குக் கோபம் அதிகமாகிவிட்டது. சிகரெட்டை விட்ட கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்று ஆரம்பித்தாய், நல்லதுதான் என்று நானும் இருந்தேன். இப்போது நூலுக்காக அக்காவோடு மல்லுக்கு நிற்கிறாய்.

உன் ஒட்டகச்சிவிங்கி ஸ்கார்ஃப் பத்திரமாக இருக்கிறது. ஷாமினியிடம் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். தனத்துக்கு ரசப்பொடி கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அக்கா


கிள்ளான்
23 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஒட்டகச்சிவிங்கியா? அது கிரேன். கப்பலிலிருந்து கொண்டெய்னர் தூக்குகிற கிரேன். நாலு கால், நீட்டிய கழுத்து, கழுத்திலிருந்து தொங்குகிற பெட்டி. கீழே அலை. அலைக்குக் கீழே மறுபடி கிரேன். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு இங்கே வரும்போதெல்லாம் ஷாமினி என் லோரியில் ஏறி வேலி ஓரம் நின்று அண்ணாந்து பார்ப்பாளே, அதே கிரேன். கப்பல் படிப்பு தங்கள் வீட்டு மூளையால் வந்தது என்று புனிதவதி அம்மா மண்டபத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மூளை அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆசை என் லோரி சீட்டில் வந்தது.

கடையில் கிடைக்கிற மாதிரி இல்லை அது. கட்டம் போட்ட தாளில் நானே வரைந்தேன். ஒரு கட்டம் ஒரு கண்ணி. இரண்டு நூல், சிவப்பும் வெள்ளையும். சிவப்பு முன்னால் வந்து கிரேனாகும்போது வெள்ளை பின்னால் ஓடவேண்டும். பின்னால் ஓடுகிற நூலை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும், தளர்த்தி விட்டால் தொங்கும். முதலில் பின்னியது முழுக்கச் சுருங்கிப்போய் உருவிப் போட்டேன். இந்த வேர்வை ஊரில் கம்பளி நூல் விரலில் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. அதனால் லோரியில் ஏசி போட்டால்தான் பின்னுவேன். நூலும் சும்மா நூல் இல்லை, கலப்பே இல்லாத ஆட்டு ரோமம். எனக்குத் தெரிந்து இந்தப் போர்ட்டில் இப்படி ஒன்று செய்தவன் நான் ஒருத்தன்தான். பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று சொல்வாய். ஆமாம், அடித்துக்கொள்கிறேன்.

உனக்கு அது வேண்டாம் என்றால் தனத்திடம் கொடுத்துவிடு. நானே ஷாமினி கழுத்தில் போடுகிறேன். பிறகு என்று இழுக்காதே.

ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
26 ஆகஸ்ட் 2025

தம்பி,

தனத்திடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டுப் பையைத் திற.

புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் யாராவது உடம்பில் போடுவார்களா? நீயே சொல். நீ கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கே சாமி முன்னால் வைத்து, ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்தேன். சேலைக்கு வைக்கிற மாதிரிதான் வைத்தேன். சேலை குடிக்காது. உன் கம்பளி குடித்துவிட்டது. பொட்டு பரவி, வெள்ளையில் மஞ்சளாய் ஒரு கிரேனின் காலே மறைந்துபோனது. சரி, சோப்பு போட்டுக் கசக்கலாம் என்று பார்த்தேன். சோப்பு பட்டதும் மஞ்சள் குங்குமமாய்ச் சிவந்துவிட்டது. ஷாமினியின் பள்ளிச் சட்டைகளைப் பதினோரு வருஷம் எப்படித் துவைத்தேனோ அப்படியே பவுடரை அள்ளிப் போட்டு, வெந்நீர் பட்டனை அமுக்கி மெஷினில் விட்டேன்.

எடுத்தபோது அது ஸ்கார்ஃப் இல்லை. கால்மிதி. பாதியாய்ச் சுருங்கி, விறைத்துப்போய், விரித்தாலும் விரியவில்லை. இஸ்திரி போட்டுப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். கல்லைக் கட்டித் தொங்கக்கூட விட்டேன், சிரிக்காதே.

விருந்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஓடிப்போய் மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு முழுக்கத் தேடினேன். அந்த வெயிலில் ஸ்கார்ஃப் கேட்கிறவளைக் கடைக்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? கடைசியில் ஒரு பேரங்காடியில் கிடைத்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் தட்டு வைக்கமுடியாது. அதனால் உன் பெயரைச் சொன்னேன். உன் பெயரை மறைக்கவில்லையே, சொல்லத்தானே செய்தேன்?

இவ்வளவுதான் நடந்தது. திட்டுவதானால் ஒரே கடிதத்தில் திட்டி முடித்துவிடு.

அக்கா


கிள்ளான்
28 ஆகஸ்ட் 2025

அக்கா,

பையைத் திறந்தேன். தனம் எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டல் லாண்டரியில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிற தன்னிடம் அண்ணி ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்றாள். "கம்பளிய வெந்நீர்ல போட்டா ஆடே சுருங்கிடும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சிரித்தேன். பிறகு தனியாக லோரியில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தபோது அழுகை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

துவைத்ததற்குத் திட்டமாட்டேன். மஞ்சள் வைத்தாயே, அது நல்ல மனசு. அது இல்லை என் வழக்கு.

மைக்கைப் பிடித்தபோது, "என் தம்பி பின்னினான், நான் துவைச்சுக் கெடுத்துட்டேன்" என்று நீ சொல்லியிருந்தால் மண்டபமே சிரித்திருக்கும். நானும் சேர்ந்து சிரித்து இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்திருப்பேன். நீ "வாங்கிக் குடுத்தது" என்றாய். அது எப்படி உன் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது? இவன் பின்னினான் என்பதுதான் உனக்கு நாக்கில் முள். ஸ்கார்ஃப் நன்றாக இருந்திருந்தாலும் நீ அப்படித்தான் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்று எழுது பார்ப்போம்.

ஷாமினி விமானம் ஏறுவதற்குள் புனிதவதி அம்மாவிடமும் அந்த வீட்டாரிடமும் நடந்ததைச் சொல். பின்னினவன் நான் என்று சொல். சொல்லாவிட்டால் நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன். தாய்மாமனுக்கு மறுபடி வயிற்றுவலி என்று வைத்துக்கொள்.

ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
1 செப்டம்பர் 2025

ஜெயா,

இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்துப் போட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் கல்யாணத்துக்குப் பந்தலில் தென்னங்குருத்துத் தோரணம் நீ கட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? கிளியும் பூவும் மடித்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கட்டினாய். புனிதவதி மச்சாள் அதைப் பார்த்துவிட்டு யாரிடமோ, "இது என்ன, கலியாணமோ கோயில் திருவிழாவோ?" என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். மணப்பெண் அலங்காரத்தில் நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்தார், தலைமுறை தலைமுறையாய்க் கவர்மெண்ட் உத்தியோகம் பார்த்த குடும்பம். நாம் கிள்ளானில் லோரிக்காரர் வீடு. எழுந்து போய் என்ன சொல்லமுடியும்?

அன்றிலிருந்து நீ கையால் செய்த எதையும் இந்த வீட்டில் நான் வெளியே வைத்ததில்லை. நீ முடைந்து கொடுத்த கூடை, கூண்டு விளக்கு எல்லாம் என் அலமாரியில்தான் இருக்கின்றன. உன்னை நினைத்து வெட்கம் என்று நினைக்கிறாய். உன்னைப் பார்த்து ஒருத்தர் சிரித்தால் எனக்குத் தாங்காது, அதுதான் காரணம்.

ஸ்கார்ஃப் சுருங்கி வெளியே வந்தபோது உன் உழைப்பெல்லாம் போச்சே என்று பதறினேன். ஆனால், உன்னிடம் மறைப்பானேன், அப்பாடா என்றும் ஒரு பக்கம் இருந்தது. இதை மச்சாள் கண்ணில் காட்டவேண்டியதில்லை என்று.

இனிமேல் போய், அன்றைக்குச் சீர்த்தட்டில் பொய் சொன்னேன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ ஏர்போர்ட்டுக்கு வா. ஷாமினி உன்னைத்தான் கேட்கிறாள். அவளுக்காக வா.

அக்கா


கிள்ளான்
6 செப்டம்பர் 2025

அக்கா,

அந்த "அப்பாடா" என்ற வரியை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தோரணத்தைப் பார்த்து அவர் சிரித்தது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? நான் பந்தல்காலுக்குப் பின்னால் ஏணிமேல்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன். கேட்டுவிட்டு மீதிக் கிளிகளையும் கட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஏனென்றால் தோரணம் அழகாக இருந்தது அக்கா. அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவர் சிரித்ததில் என் தோரணத்தில் ஒரு கிளிகூடக் கீழே விழவில்லை.

அவர் ஒரு நாள் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நீதான் இத்தனை வருஷமாய் எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாய். யார் உன்னைக் குனியச் சொன்னது? நான் சொன்னேனா? என்னைச் சிரிப்பிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று என் கையை வெட்டி அலமாரியில் வைத்துவிட்டாய்.

வேறு ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். சிவப்பு நூல் கடையில் தீர்ந்துவிட்டது, நீலம் எடுத்தேன். அதே கிரேன், அதே அலை. நீளம் கொஞ்சம் குறையும். லீவு எழுதிக் கொடுத்தேன், கிடைக்கவில்லை, அதனால் ராத்திரியும் தூங்காமல் லோரியில் ஏசி போட்டுக்கொண்டு பின்னுகிறேன், கைக்கும் பழகிவிட்டது. இது ஷாமினிக்கு. உன் தட்டுக்கு இல்லை.

ஏர்போர்ட்டுக்கு வருவேன். என் கையாலேயே அவள் கழுத்தில் போடுவேன். நீ யாரிடமும் எதுவும் சொல்லவேண்டாம். போன கடிதத்தில் கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கேட்டு வாங்கிய வார்த்தை எனக்கு எதற்கு?

ஜெயராஜ்


கிள்ளான்
14 செப்டம்பர் 2025

அக்கா,

நேற்று நாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதனால் இதையும் எழுதியே கேட்கவேண்டியிருக்கிறது.

துறைமுகத்திலிருந்து நேரே வந்தேன், கம்பெனிச் சட்டையோடு. இன்னும் நாலைந்து வரிசை பாக்கி இருந்தது. நீங்கள் எல்லாரும் பெட்டிகளோடு கவுண்டர் பக்கம் கூட்டமாய் நின்றீர்கள். உங்கள் பக்கம் வர எனக்கு மனசில்லை. தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். ஒரு மலாய்க் குழந்தை எதிரே வந்து நின்றுகொண்டு நகரவே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். புனிதவதி அம்மா என்னைக் காட்டி உன்னிடம் ஏதோ கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். பிறகு நீ பேசினாய். பாசாரில் மீன்காரனோடு பேசுகிற மாதிரி கையை வீசி வீசிப் பேசினாய். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் வாயைத் திறந்தபடி நின்றார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் என்னிடம் வந்துவிட்டார்கள். புனிதவதி அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பின்னிய துணியைக் கையில் வாங்கினார். உட்பக்கத்தைப் புரட்டி நூல் ஓடுகிறதைப் பார்த்தார். ஊசியில் இருந்த கண்ணி நழுவிவிடுமோ என்று எனக்குப் பயம். நழுவவிடாமல்தான் பிடித்திருந்தார். "வடிவாய் இருக்கு தம்பி" என்றார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரிசைவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷாமினி துணியைப் பார்த்தவுடனே, "மாமா, இது நம்ம கிரேன்!" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கடைசிக் கண்ணியை மூடி, நூலை அறுத்து, அவள் கழுத்தில் போட்டேன். போட்டதை, கேட்டுக்குள் போகிறவரை அவள் கழற்றவில்லை. எனக்கு லோரி காத்திருந்தது, கிளம்பிவிட்டேன்.

நீ என்ன சொன்னாய்? தனத்திடம் கேட்டேன், அந்த நேரம் பார்த்து அவள் டாய்லெட்டில் இருந்தாளாம்.

ஜெயராஜ்


பிரிக்பீல்ட்ஸ்
16 செப்டம்பர் 2025

தம்பி,

ஷாமினி போய்ச் சேர்ந்துவிட்டாள். விடுதி வாசலில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறாள், உனக்கும் வந்திருக்கும். படத்தில் அவள் முகத்தைவிட ஸ்கார்ஃப்தான் பெரிதாய்த் தெரிகிறது.

நீ கேட்டதற்குப் பதில். மச்சாள் அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை. தூரத்தில் உன்னை அடையாளம் தெரியவில்லை. "ஆர் அந்த ஆள், ஏர்போர்ட்டில இருந்து பின்னிக்கொண்டு இருக்கிறார்?" என்று கேட்டார். கேலியா, சும்மா கேட்டாரா, எனக்குத் தெரியாது. யாரோ தெரியவில்லை மச்சாள் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அது என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது, ஜெயா.

அப்போது உன்னைப் பார்த்தேன். அழுக்குச் சட்டையோடு, அத்தனை பேர் நடுவில், குனிந்த தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தாய். உனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இவனுக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு என்று ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. உன்மேல் இல்லை, என்மேல்தான். அதனால்தான் குரல் அவ்வளவு உயர்ந்துபோனது. பெட்டிக்கு டேக் கட்டிக்கொண்டிருந்த பெண்ணே திரும்பிப் பார்த்தாள்.

சொன்னது இதுதான்:

"என் தம்பி, மச்சாள். லோரி ஓட்டுறான். அன்னிக்குத் தட்டுல இருந்தது நான் கடையில வாங்கினது, உங்ககிட்டயெல்லாம் பொய் சொன்னேன். இவன் பின்னினத நான்தான் மெஷின்ல போட்டுக் கெடுத்தேன். என் பொண்ணுக்காக இவன் பின்னுறது இது ரெண்டாவது. பாத்துச் சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிடுங்க, நான் இங்கதான் நிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் நான் அங்கேயேதான் நின்றிருப்பேன்.

அக்கா அமுதவள்ளி